மன்னாருவின் கிருத்திகை விரதம்

திருப்போரூர் வட்டாரத்திலேயே முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருக்கும் ஒரே நாய் தன்னுடைய மன்னாருதான் என்று செங்கல்வராயன் அறிவித்தபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. டீ மட்டும் நிற்கவில்லை.

"தண்ணிய தவிர ஒண்ணும் தொடாது. சாம்பார் சோத்த வெச்சா மூஞ்ச திருப்பிக்கும். நேரா பின்பக்கம் மதிலாண்ட போயி தியானத்துல குந்திக்கும். திரும்பி வரும்போது பாக்கணுமே, மூஞ்சில ஒரு களை."

கடையே சிரித்தது. எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு ஷஃபியுல்லா. பிரியாணிக் கடை வைத்திருப்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தப் பின்மதில்தான்.

"அண்ணாத்த, நீ பஸ் ஓட்டுனத வுட இப்பதான் ஸ்பீடா ஓட்டுற" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஓய்வுபெற்ற டிரைவரான செங்கல்வராயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. மன்னாருவுக்கு மூத்திரப்பையில் கல்.

எக்ஸ்ரேயில் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்த கல், அவர் கேளம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது எலுமிச்சம்பழமாகி, தெருமுனையில் இறங்கும்போது தேங்காயாகிவிட்டது. வலி மட்டும் வளர்த்துச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இருந்தது. கம்பத்தடியில் காலைத் தூக்கி நிற்கும். ஒரு சொட்டுக்காகக் காத்திருக்கும். யாராவது பார்த்தால் வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் செங்கல்வராயனும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

டாக்டர் ஜெயப்பிரியா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுக்கும், அது நுரையீரலுக்குள் போனால் உயிர் போகும்.

முதல் தடவை, செங்கல்வராயனின் மனைவி விஜயகுமாரி காலையில் கிண்ணம் நிறைய தயிர் சோறு ஊட்டிவிட்டாள். வெறும் வயிற்றில் கத்தி வைத்தால் தாங்குமா என்பது அவள் வாதம். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார். அதற்கு மேல் தள்ளினால் கல் அடைத்துக்கொள்ளும் என்றார்.

காலண்டரைப் பார்த்தால் அந்தச் செவ்வாய், கிருத்திகை. முருகனே தேதி கொடுத்துவிட்டான் என்று செங்கல்வராயன் கூத்தாடினார். இருந்தாலும் தன் பேச்சைத் தானே முழுசாக நம்ப முடியாமல், திங்கட்கிழமை சாயங்காலம் ஓர் அட்டையில் 'ஆபரேஷன். யாரும் சாப்பாடு போட வேண்டாம்' என்று எழுதி மன்னாருவின் கழுத்தில் மாட்டினார்.

அதைப் படித்த தெரு, கடைசியாக முகம் பார்க்கத் திரண்டு வந்தது. வெறுங்கையோடு வருவது மரியாதையா? பன், பிஸ்கட், கறித்துண்டு எல்லாம் வந்தன. ஒருத்தி மாலையோடு வந்து, அவசரப்பட்டுவிட்டோமோ என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

செங்கல்வராயன் அட்டையைத் திருப்பி, 'கிருத்திகை விரதம்' என்று எழுதினார்.

இப்போது பக்கத்துத் தெருவும் வந்தது. பொங்கல், பஞ்சாமிர்தம், சுண்டல். ஞானம்பாள் என்கிற அம்மாள் நாயை மூன்று முறை சுற்றி வந்து, மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று கேட்டாள். மன்னாரு கொட்டாவி விட்டது. தை மாதம் என்று அவளாகப் புரிந்துகொண்டாள். அன்று செங்கல்வராயன் தடுத்து அனுப்பிய பொங்கலைச் சேர்த்திருந்தால் ஒரு கும்பாபிஷேகத்துக்கு அன்னதானம் போட்டிருக்கலாம்.

நாயைத் தெரியாத ஊருக்குக் கொண்டுபோவதுதான் வழி என்று தீர்மானித்து, ஷஃபியுல்லாவைக் கெஞ்சி, அவர் அண்டா ஏற்றும் லோடு ஆட்டோவில் மாமல்லபுரத்தில் இருக்கும் மச்சான் குமார் வீட்டுக்குப் போனார். செங்கல்வராயன் வருகிற சந்தோஷத்தில் குமார் வாசலிலேயே அடுப்பைப் போட்டு வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தான். ஆட்டோ நிற்காமலே திரும்பியது.

கடைசியில் வாசல் கதவுக்குக் குறுக்கே புருஷனும் பின்கதவுக்குக் குறுக்கே பெண்டாட்டியும் படுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் விஜயகுமாரி கோலம் போடப் போனாள். திரும்பி வந்தால் பின்கதவு திறந்திருந்தது. மன்னாரு மதிலோரம் தியானத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றியதும் டாக்டர் குனிந்து பார்த்தார். நாயின் மூக்கு நுனியில் ஒரு மஞ்சள் சோற்றுப் பருக்கை.

"இது பிரியாணிதானே?"

"நீ குடுத்தியா?" என்றார் செங்கல்வராயன்.

"கிருத்திகையும் அதுவுமா நான் எதுக்குக் குடுக்கறேன்? நீங்கதான் பாசத்துல உருகிக்கினு கெடந்தீங்க" என்றாள் விஜயகுமாரி. இருவரும் முருகன்மேல் சத்தியம் செய்தார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை, இனித் தள்ளிப்போட முடியாது, வயிற்றில் சோறு இருந்தால் மயக்க மருந்தும் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். செங்கல்வராயன் மன்னாருவின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்கேன் போட்டார்கள். இரைப்பை காலி. டாக்டர் இன்னொரு முறை போட்டார். காலி. மூக்கில் பிரியாணி, வயிற்றில் காற்று. எங்கே படித்தோம் என்பதே மறந்துபோன முகத்தோடு அவர் ஆபரேஷனுக்குப் போனார்.

கதவு திறந்தபோது சின்னச் சீசாவில் கல் வந்தது. புளியங்கொட்டைதான். பின்னாலேயே, துணியில் சுற்றிய மன்னாரு வந்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து செங்கல்வராயனைப் பார்த்து, வாலை அரை அங்குலம் ஆட்டியது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் கொண்டுவந்து விட்டதோடு கடைக்குப் போயிருக்க வேண்டிய ஷஃபியுல்லா, அவ்வளவு நேரமும் மூலையில், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து வந்தார்.

"இன்னா பாய்?" என்றாள் விஜயகுமாரி.

"அண்ணாத்த, ஒவ்வொரு கிருத்திகைக்கும் மதிலாண்ட அதுக்கு பிரியாணி வெக்கிறதே நான்தான், அதான் அன்னிக்கு அப்படி சிரிச்சேன். இன்னிக்கும் பழக்கத்துல ஆபரேஷன மறந்துட்டு வெச்சுட்டேன். மூக்கால தட்ட தள்ளிட்டு அந்தாண்ட திரும்பி குந்திக்கிச்சு. அல்லா மேல ஆணையா சொல்றேன், உன் நாயி வெரதம்தான் இருந்துச்சு."