முதல் பேனலுக்கு நான் செய்த பூஜை

பக்தி அளவோடு இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். தொண்ணூறுகளில் ஒரு நாள் காலையில், பக்தியாலேயே ஒரு தொழிற்சாலையை இழுத்து மூடப் பார்த்தவள் நான்.

தொழிற்சாலை என்று பெருமைக்குச் சொல்கிறேன். குருபோங் என்ற ஊரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம், ஒரு நீண்ட மேசை, என்னோடு சில பெண்கள். அவ்வளவுதான். அதற்கு முன் எங்கள் பாஸ் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் பேனல்களை வெளிநாட்டிலிருந்து முழுசாக இறக்கி விற்றார். துறைமுகத்தில் எக்கச்சக்கமாக வரி போட்டுவிடுவார்கள். விலையைக் கேட்டவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். செல் எனப்படும் நீலச் சில்லுகளை மட்டும் இறக்கினால் வரி குறைவு என்று தெரிந்ததும், கண்ணாடியையும் சட்டத்தையும் இங்கேயே வாங்கி, எங்களை வைத்துப் பேனல் செய்ய ஆரம்பித்தார்.

"மொத ஆர்டர் தஞ்சோங் கிளிங்ல. கெடைச்சா இந்த மேசை இருக்கும். கெடைக்கலன்னா எல்லாத்தையும் வித்துட்டு, வரியக் கட்டி மறுபடி முழுசாவே எறக்கிடுவேன் லா," என்றார்.

லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் வேலை எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான் முதலில் கிடைத்தது. அதை விட்டுவிட எனக்குத் துளியும் மனமில்லை.

வாடிக்கையாளர் மரியதாஸ் அண்ணன் தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் தங்கும் விடுதி நடத்தியவர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பேனல் கேட்டார். அவருடைய கொட்டகைக் கூரையில் வேறொரு கடையின் இறக்குமதிப் பேனல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒரே பம்பில் மாட்டிப் பார்த்து முடிவு செய்வாராம்.

"வெளிநாட்டுப் பேனலுக்குப் போடற வரி ஒங்களக் காப்பாத்துது. வாங்குற என்னைய யாரு காப்பாத்துவா?" என்றார்.

"அதுக்குத்தாண்ணே நாங்க வெல கொறச்சித் தர்றோம்," என்றார் பாஸ்.

பாஸின் எடையை ஏணி தாங்காது என்பதால் நான்தான் பேனலோடு கூரை ஏறினேன். எங்கள் வீட்டில் தையல் மெஷினோ மோட்டார் சைக்கிளோ, பொட்டு வைக்காமல் ஓடவிட்டதில்லை. எங்கள் கையால் செய்த முதல் பேனலை மட்டும் அநாதையாக விடுவேனா? கண்ணாடியின் நடுவே சந்தனத்தை அப்பினேன். அதன்மேல் குங்குமம். குறுக்கே மூன்று பட்டை திருநீறு. (ஒரு செல் நிழலில் மறைந்தாலும் மொத்தப் பேனலும் சோர்ந்துவிடும் என்று பாஸ் பாடம் நடத்தியிருந்தார். மரத்து நிழலைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சாமி திருநீறு எப்படி நிழலாகும்?)

இறக்குமதிப் பேனலில் மாட்டியபோது கீழே பம்பு தண்ணீரைப் பீய்ச்சியது. எங்களுடையதில் மாட்டியதும் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது.

"வரி கட்டுன பேனலுக்குத் தண்ணி வருது. ஒங்களதுக்கு வெறுஞ்சத்தந்தான் வருது. என்னா பாஸ் இது?"

"மேகம்ணே, மேகம்."

"வானத்துல மேகமே இல்லியே லா!"

வேலை போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. கண்ணை மூடி முருகனை வேண்டிக்கொண்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்த திருநீறு முழுவதையும் பேனல் மேல் கொட்டினேன். பம்பு முனகலையும் நிறுத்திவிட்டது.

"மேல என்னம்மா பண்ற? கண்ணாடில அழுக்கு ஏதும் இருக்கா பாரு!" என்று பாஸ் கத்தினார்.

"அழுக்கு இல்ல பாஸ், சாமி!"

பாஸ் ஓடிவந்து ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

"தொடச்சி விடு! மொதல்ல அதத் தொடச்சி விடு!"

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து மரியதாஸ் அண்ணன் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு பீய்ச்சிய தண்ணீரில் அவர் தலையிலிருந்து வெள்ளைச் சட்டை வரை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டார்.

நான் இறங்கி வந்தபோது என் துப்பட்டாவைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாங்களும் புது வண்டிக்கு ஜெபம் பண்ணுவோம் தங்கச்சி. ஆனா கண்ணாடியப் பூசி மறைக்க மாட்டோம்! பாஸ், இவ்ளோ பூசியும் முனகுச்சே, நல்ல பேனல்தான். ஆர்டர் ஒங்களுக்கே. இந்தப் பிள்ளைய மட்டும் கூரைல ஏத்தாதீங்க."

எங்கள் மேசை பிழைத்தது. அதன்பின் குருபோங்கிலிருந்து போன பேனல்களுக்கெல்லாம் பின்பக்கச் சட்டத்தில்தான் பொட்டு.

பிற்பாடு என் கல்யாணத்தில் பெண்கள் நலங்கு வைத்து என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையிலிருந்து மரியதாஸ் அண்ணன் எழுந்தார். "போதும் லா! இன்னும் பூசினா பொண்ணு ஓடாது!" மண்டபமே சிரித்தது. காரணம் கேட்ட மாப்பிள்ளைக்குப் பாஸ் மேடையேறி முழுக் கதையையும் சொன்னார்.

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தால், என் கணவர் என்ன ஏது என்று கேட்கமாட்டார். ஈரத்துணியோடு வந்து என் நெற்றியைத் துடைப்பார். பிள்ளைகள் அடுப்படியிலிருந்து, "தண்ணி வந்துருச்சாப்பா?" என்று கத்துவார்கள். சிரிக்காமல் தாக்குப்பிடிக்க இதுவரை ஒருமுறைகூட என்னால் முடிந்ததில்லை.