கடைசி மேசைக்குப் போன ஜாக்கர்

கையில் இரண்டு கிங் வந்ததும் முகத்தைச் சுளித்து, ஏதோ அழுகின தக்காளியைத் தொட்டவர்போல அவற்றைக் கீழே போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா மாடிக்குடியிருப்பில், எனக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தார். நானும் சீட்டுத் தெரிந்தவன், அதைப் பற்றி இரண்டு புத்தகம் காசு கொடுத்து வாங்கிப் படித்தவன். ஆனாலும் அந்த மனிதர் எப்படி விளையாடினார், ஏன் வென்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயத்தை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அழைப்புமணிப் பலகையில் இடம் போதாமல் பாதியில் நின்றது. எங்களுக்கு அவர் ஜாக்கர். காரணம் முன்னூற்றிநாலு. யாழ்ப்பாணத்தார் ஆடும் அந்தச் சீட்டாட்டத்தில் நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ஏஸுக்கு மூன்றாவது இடம். கிங்கும் குயினும் செருப்புக் கழற்றும் இடத்தில் நிற்க வேண்டியவை. ஜாக்கரின் கையில் ஜாக் வந்தால் அவருடைய இரண்டு காதுகளும் தாமாக அசையும். எதிராளிகள் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை, காதைத்தான் பார்ப்பார்கள்.

பதினைந்து வருடமாகச் சனிக்கிழமை தோறும் அவருக்கு எதிரே இருந்தவர் நவம். இரண்டு பேரும் ஒரே வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒருவர் வெங்காயம் உரித்தால் மற்றவர் வெட்டுவார் என்று சொல்லும் அளவுக்கு ஒட்டு. பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக நவம் குடும்பத்தோடு லண்டனுக்குப் போக முடிவெடுத்தார். புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை, கடைசி ஆட்டம். ஜாக்கர் தன்னிடமிருந்த ஜாக்கை இறக்கினார். அந்தப் பிடி, அதாவது அந்தச் சுற்றின் வெற்றி, அவருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. அதை நவம் துரும்புச் சீட்டைப் போட்டு வெட்டினார். எதிராளி வெட்டினால் விளையாட்டு. சொந்தச் சோடி வெட்டினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் தோற்றது. ஜாக்கர் சீட்டுக் கட்டைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, உன்னை நம்பி இருந்ததுக்கு ஒரு கதிரையை நம்பியிருக்கலாம் என்றார். நவம் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஜாக்கர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அதன்பின் இரண்டு வருடம் பேச்சு இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதிக் கடை ஒன்றில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்தபோது, லண்டனிலிருந்து வந்த யாரோ ஒருவர் ஜாக்கரிடம் செய்தி சொன்னார். நவம் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் சீட்டு விளையாடுகிறாராம். காசு கட்டத் தேவையில்லாத போக்கர் போட்டியாம். ஆயிரம் பேர் சேருவார்களாம். ஜாக்கர் முருங்கைக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்து என் கதவைத் தட்டினார்.

"தம்பி, உமக்குக் கொம்பியூட்டர் காட்ஸ் தெரியுமாமே?"

தெரியும் என்றேன். அந்தக் காலத்தில் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எல்லோரும் போக்கர்தான் கதைத்தார்கள். நானும் புத்தகமும் கையுமாகத் திரிந்தேன். ஆனால் விஷயம் என்னவென்று கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. போட்டியில் ஆட்களைப் பல மேசைகளாகப் பிரித்து இருத்துவார்கள். தோற்றவர்கள் போகப் போக மேசைகள் குறையும். கடைசியில் ஒன்பது பேர், ஒரு மேசை. ஜாக்கருக்கு அந்த மேசைக்குப் போக வேண்டும். நவமும் ஒருநாள் அங்கே வருவார். இருவரும் எதிரெதிரே இருப்பார்கள். கதைப்பார்கள். அவ்வளவுதான் திட்டம்.

நான் போனை எடுத்துக் கதைக்கலாமே என்றேன்.

"நான் எடுக்கிறதோ? வெட்டினவன் அவன். நான் எடுத்தால் அது மன்னிப்புக் கேட்ட மாதிரி. தற்செயலாச் சந்திச்சால் அது வேறை."

ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொரு பேரை வெளியேற்றிவிட்டு, தற்செயலாகச் சந்திக்க விரும்பிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆரம்பம். போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அந்த இரண்டையும் பார்த்து, விளையாடுவதா கீழே போடுவதா என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். நல்ல கையை மட்டும் விளையாடு, மற்றதைப் போடு என்பதுதான் என் புத்தகங்களின் சாரம். நல்ல கைகளை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். இரண்டு ஏஸ், இரண்டு கிங், இரண்டு குயின், இரண்டு ஜாக், ஏஸும் கிங்கும். ஜாக்கர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இதை எழுதினவன் ஆர் என்று கேட்டார். அமெரிக்காவில் பெரிய விளையாட்டுக்காரன் என்றேன். அவன் ஆரோடை விளையாடினவன் என்று கேட்டார். பேனையை எடுத்து இரண்டு ஜாக்கை முதலாம் இடத்துக்குக் கொண்டுபோனார். ஜாக்கும் ஒன்பதும் இரண்டாவது. கிங்குக்கும் குயினுக்கும் மேலால் கோடு கீறினார்.

இது முன்னூற்றிநாலு இல்லை அண்ணை என்று மூன்று முறை சொன்னேன். ஓம் ஓம் என்று மூன்று முறையும் தலையாட்டினார். பிறகு இரண்டு குயினைக் கீழே போட்டார்.

அவருடைய மற்றப் பழக்கங்களும் இப்படித்தான். சீட்டை ஆர் கலைச்சது, ஆர் முறிச்சுக் குடுத்தது என்று கணினியிடம் கேட்பார். மேசையில் தனக்கு நேரெதிரே இருக்கும் ஆளைத் தன் சோடியாகவே எடுத்துக்கொள்வார். ஒருமுறை அங்கே இருந்தவன் ஏதோ ஒரு பின்லாந்துக்காரன். அவன் பந்தயம் கட்டும் வில்லைகளைத் தள்ளினால் ஜாக்கர் உடனே ஒதுங்கிக்கொள்வார். "அது எங்கடை பிடி, விடும்" என்பார். அந்தப் பின்லாந்துக்காரனுக்கு இப்படி ஒரு சோடி வாய்த்திருப்பது கடைசிவரை தெரியாது. இன்னும் ஒன்று, கணினிக்கு முன் உட்காருமுன் மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட்டுப் போட்டு, இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டுதான் வருவார். நவம் வந்தாலும் வருவான், சாரத்தோடை இருக்கேலுமோ என்பார். அது திரையில் தெரியாது என்று நான் விளக்கியதும் சேட்டின் கைப்பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.

நான் என் மடிக்கணினியோடு பக்கத்தில் இருந்து அதே போட்டியில் விளையாடுவேன், புத்தகத்தில் உள்ளபடி. முதல் ஞாயிறு எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. இருந்த வில்லைகள் முழுவதையும் நடுவே தள்ளினேன். நான்கு பேர் எதிர்த்து வந்தார்கள். அவர்களில் ஏழும் இரண்டும் வைத்திருந்த ஒருவன் வென்றான். இருபது நிமிடத்தில் நான் வெளியே. அடுத்த ஞாயிறு இரண்டு கிங், அரை மணித்தியாலம். இலவசப் போட்டி என்பதால் சனம் கண்ணை மூடிக்கொண்டு வில்லைகளை எறிந்தது. ஜாக்கரோ ஜாக்குக்காகக் காத்திருந்தார். ஜாக் வராத நேரமெல்லாம் கீழே போட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாக, அவர் பிளேன்ரீ குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார். தவறாக விளையாடிய மனிதர் நூறாவது இடம், சரியாக விளையாடிய நான் எண்ணூற்றுச் சொச்சம். புத்தகத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இப்படி ஒரு அத்தியாயம் இல்லை.

நவமும் ஒவ்வொரு வாரமும் இருந்தார், இருவரும் சொந்தப் பெயரிலேயே. அடுத்தவர் மேசையை எட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கே உள்ள அரட்டைப் பெட்டியில் எழுத முடியாது. அதனால் ஜாக்கர் தன் மேசையை விட்டுவிட்டு நவத்தின் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டுத் தெரியாது, வில்லைகள் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் தெரியும். ஏறினால் சிரிப்பார். இறங்கினால், அவனுக்கு அவசரம், எப்பவும் அவசரம் என்று முணுமுணுப்பார். நவம் வெளியேறிவிட்டால் ஜாக்கரும் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிவிடுவார். ஒருமுறை முப்பதாவது இடத்தில் நின்றபோது அப்படி எழும்பினார். நான் கெஞ்சிப் பார்த்தேன். அவன் இல்லாத இடத்திலை எனக்கு என்ன அலுவல் என்றார். இன்னொரு முறை இருவரும் ஐம்பதுக்குள் வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி புனிதா அக்கா தூசி உறிஞ்சியைச் செருகுவதற்காக இணையப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். அன்று அந்த வீட்டில் நடந்ததை எழுதக்கூடாது.

அந்த மாசி மாதத்து ஞாயிறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே பனி, குடியிருப்பில் பாதிப் பேர் சறுக்கப் போய்விட்டார்கள். மூன்று மணிக்குத் தொடங்கிய போட்டியில் ஆறரைக்கு இருபது பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் இவர்கள். ஏழுக்கு ஒன்பது பேர். மேசை மாறியது. திரையில் ஒன்பது பெயர்கள் வட்டமாக வந்தன. நவம் ஜாக்கருக்கு நேரெதிரே இருந்தார்.

ஜாக்கர் எழும்பி நின்றுவிட்டார். பிறகு மறுபடி கதிரையில் இருந்தார். இரண்டு வருடமாக என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தவர், எழுதும் பெட்டியைப் பார்த்து விறைத்துப் போனார். நான் தட்டச்சுச் செய்கிறேன், சொல்லுங்கோ என்றேன். நெடுநேரம் யோசித்து, "அங்கை மழையோ எண்டு கேளும்" என்றார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினேன். மேசையிலிருந்த மற்ற ஏழு பேரில் மூன்று பேர் கேள்விக்குறி போட்டார்கள். நவத்திடமிருந்து "ஓம்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த கையில் ஜாக்கரின் காதுகள் அசைந்தன. எட்டிப் பார்த்தேன். இரண்டு ஜாக். என் பட்டியலிலும் இருந்த, அவருடைய பட்டியலில் முதலாவதாக நின்ற கை. நவத்தின் முறை முதலில் வந்தது. அவரிடம் மிகக் குறைந்த வில்லைகளே இருந்தன. அவை அத்தனையையும் நடுவே தள்ளினார். தோற்றால் அவர் வெளியே. மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கினார்கள். ஜாக்கரின் முறை.

வில்லைகளைத் தள்ளுங்கோ அண்ணை, இதைவிட நல்ல கை வராது என்றேன். நேரம் ஓடியது. திரையில் மணி அடித்தது. கடைசி நொடியில் இரண்டு ஜாக்கையும் கீழே போட்டார். நான் தலையில் கைவைத்தபடி, ஏன் என்று கேட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைப்பொத்தானைக் கழற்றினார்.

பெட்டியில் நவம் எழுதினார்: "என்ன வைச்சிருந்தனீ?"

"ஒண்டுமில்லை எண்டு எழுதும்."

எழுதினேன். மற்றவர்கள் மறுபடியும் கேள்விக்குறி போட்டார்கள்.

"பொய் சொல்லாதை. ஒண்டுமில்லாமல் நீ இவ்வளவு நேரம் யோசிக்க மாட்டாய். போன் நம்பர் பழசுதானோ?"

ஓம் என்று எழுதி ஒரு நிமிடம் ஆகவில்லை, கூடத்தில் தொலைபேசி அடித்தது. புனிதா அக்கா எடுத்தார். எடுத்தவர் ரிசீவரை அப்படியே ஜாக்கரிடம் நீட்டினார். அக்காவின் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கடைசி மேசையில் நடந்தது உலகப் போக்கர் வரலாற்றிலேயே இல்லாதது. ஜாக்கர் கூடத்தில் தொலைபேசியில். நவம் லண்டனில் தொலைபேசியில். இரண்டு பேரின் கதிரையும் மேசையில் அப்படியே இருக்க, முறை வரும்போதெல்லாம் கணினி தானாகவே இருவரின் சீட்டையும் கீழே போட்டது. வில்லைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. பரிசு பெரிய போட்டி ஒன்றுக்கான நுழைவுச்சீட்டு. நான் கதவுக்கு ஓடிப் போய், அண்ணை, முறை, முறை என்று கையைக் காட்டினேன். என்னை அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. கூடத்து நிலத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து, மினுக்கிய சேட்டோடு, காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இல்லையடா, நான் பிறகு யோசிச்சுப் பாத்தனான். நீ அண்டைக்கு வெட்டினது சரிதான்."

எனக்கு முன்னூற்றிநாலு நன்றாகவே தெரியும். அன்று நான்தான் எதிராளியாக அதே மேசையில் இருந்தேன். சோடியின் ஜாக்கை வெட்டுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை, நவம் செய்தது சுத்தப் பிழை. ஒருநாளில் இரண்டாவது பொய்யை ஜாக்கர் சொன்னார், காது அசையாமல். நவம் ஏழாவது இடத்திலும் ஜாக்கர் ஐந்தாவது இடத்திலும் வெளியேறினார்கள். அவர்களுக்கு அது தெரிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் கணினியை அணைத்துவிட்டு மேலே என் வீட்டுக்குப் போனேன். வாழ்நாளில் முதன்முறையாக, லண்டனில் இருந்த, சீட்டு விளையாடவே தெரியாத ஒரு மனிதரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.