பத்துக் கோடி வருஷத்துக் கல்

கல் கரைந்துகொண்டிருந்தது.

குலாம் முகம்மது பதறிப்போய்க் குழாயை மூடினார். கையில் இருந்த சுருள் கல்லின் வெளி வளையங்கள் இரண்டும் மழுங்கியிருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியில் செந்தண்ணீர் ஓடியது. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் நீந்திய ஓர் உயிரின் புதைபடிவம் அது. அரியலூர்ப் பக்கம் கிடைத்து, கல்லூரி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"யா அல்லா! கல்லு எங்கயாவது கரையுமா?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டார்.

அதைத் தொட்டதே தப்பு. மனைவி முனவர் பேகம் கெலமங்கலத்துக்கு மண் எடுக்கப் புறப்படும்போதே படித்துப் படித்துச் சொன்னாள்: "ஏங்க, மாதிரி பாக்கறதுக்குக் காலேஜ்காரங்க குடுத்த அசலு மேசை மேல இருக்குது. நாலு மணிக்கு ஆள் வந்து வாங்கிக்குவாரு. நீங்க கிட்டயே போவாதீங்க."

கேட்டால்தானே! மனிதர் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். மாமியார் சுட்ட முறுக்கையே அளந்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஆனால் முனவரின் கைவேலையை அளந்தபோது அசந்துபோய்விட்டார். கெலவரப்பள்ளி அணையின் வண்டலும் கெலமங்கலத்துச் செம்மண்ணும் சேர்த்து, புளியங்கொட்டைப் பசை விட்டுப் பிசைவாள். எப்போதோ செத்துப்போன நத்தையும் மீனும் அவள் விரலுக்குள் பிழைத்து வரும். அடடா, என்ன கை அது! இப்போது கல்லூரிக் கண்காட்சிக்காக இந்தச் சுருள் கல்லைப் போலவே நாற்பது செய்யச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது.

அவள் செய்த முதல் உருப்படியை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாயிற்று. அசலையும் அளந்துவிட்டு, "பாத்தியா, அரை மில்லிகூட வித்தியாசம் இல்ல" என்று அவளிடம் சொல்லி, அவள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டார். அளப்பதற்கு முன் பொருளைக் கழுவித் துடைப்பது ஃபேக்டரி வழக்கம். கழுவினார்.

சரி, ஈரம் போனால் இறுகிவிடும். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி அதன்மேல் வைத்தார். இரண்டாவது நிமிஷம் 'டப்' என்று ஒரு சத்தம். பத்துக் கோடி வருஷம் தாக்குப்பிடித்தது, சமையலறையில் இரண்டு துண்டாகிவிட்டது.

சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் பசையை எடுத்தார். பசை நல்ல தரம். இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டன. கூடவே அவருடைய வலது கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. முனவர்தான்.

"ஏங்க, கல்லு பத்திரமா இருக்குதா?"

"கையிலேயே வெச்சிருக்கேன்."

"கையிலயா? தொடாதீங்கன்னு சொன்னனே!"

"இனிமே விடறதா இல்ல. நீ பொறுமையா வா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வாசலில் மணி அடித்தது. கல்லூரி மியூசிய உதவியாளர் கோவிந்தப்பன், மணி நாலுகூட ஆகாமல் வந்து நின்றார்.

குலாமுக்கு வேறு வழி தெரியவில்லை. அசலில் கட்டியிருந்த கல்லூரிச் சீட்டை எடுத்து, முனவர் செய்த உருப்படியில் இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுக் கட்டினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

கோவிந்தப்பன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதேதான் பாய். வரட்டுங்களா?"

குலாமுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அந்தக் கல்லோடு குடித்தனம் நடத்தும் ஆளையே ஏமாற்றிவிட்டதே என் பொண்டாட்டி கை! அடுத்த நொடியே வேலை ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்பான உருப்படியைக்கூட அவர் ஃபேக்டரி கேட்டைத் தாண்ட விட்டதில்லை. நாளைக்குக் குட்டு வெளிப்பட்டால் கெடப்போவது முனவரின் பேர்.

"நில்லுங்க!" என்று வலது கையை முன்னால் நீட்டினார். "நீங்க எடுத்துட்டுப் போறது என் சம்சாரம் செஞ்சது. இதுதான் அசலு. நான்தான் கழுவி, சுட்டு, ஒடச்சி, ஒட்டித் தொலைச்சிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க, அவ ஆர்டரை மட்டும் நிறுத்திடாதீங்க!"

கோவிந்தப்பனின் முகம் வெளுத்துவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். குலாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மெதுவா பேசுங்க பாய்! அசலு மூணு வருசத்துக்கு முன்னாடியே தூசி தட்டும்போது என் கையால விழுந்து தூளாயிடுச்சி. உங்க வெரல்ல ஒட்டிக்கினு இருக்கறதும் அப்ப அக்கா எனக்காக ரகசியமா செஞ்சு குடுத்ததுதான். அதை ஆராய்ச்சி பண்ணித்தான் எங்க புரொஃபசர் சாரு டாக்டர் பட்டமே வாங்கினாரு!"