சுவர் கேட்கத் தகுதி பெற்ற தீவு

உதவி கேட்பது வெறும் வாய் வேலையாக இருந்த இருண்ட காலம் ஒன்று உண்டு. அதை விஞ்ஞானமாக உயர்த்திய பெருமை பருவநிலை நிதி நிபுணர்களையே சாரும். அந்த ஞானஒளி பசிபிக் கடலிலுள்ள கிரிபாஸ் நாட்டின் ஒரு மூலைத் தீவுக்கும் வந்து சேர்ந்ததென்றால், அது தீவு செய்த பூர்வ புண்ணியம்.

தீவு மன்றத்தின் எழுத்தர் கைசிராவுக்கு வேண்டியது கடலைத் தடுக்க ஒரு சுவர். கடல் பொங்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் அவள் கிணற்றையும் பபாய்க் கிழங்குக் குழியையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் குடிதண்ணீரும் போச்சு, சாப்பாடும் போச்சு. பிள்ளைகளோடு தலைநகரில் யார் வீட்டிலாவது ஒண்ட வேண்டியதுதான். கைசிரா பயந்துபோயிருந்தாள்.

பயத்தில் 'எங்களுக்குச் சுவர் வேண்டும்' என்று பருவநிலை நிதிக்குப் பச்சையாக எழுதி அனுப்பிவிட்டாள். என்ன அறியாமை! சுவர் வரவில்லை. சுவர் கேட்பதற்கு அவர்களைத் 'தயார்ப்படுத்த' நிதி நிபுணர் டாக்டர் ஹென்ரிக் வந்தார்.

ஊர் மண்டபத்தில் மாலை போட்டு அவரைக் கைசிராவுக்கு அண்ணனாகவே ஆக்கிக்கொண்டார்கள். உறவாகிவிட்டால் அங்கே 'புபுசி' செல்லும். அந்தச் சொல்லைச் சொல்லி எதைக் கேட்டாலும் உறவுக்காரர் இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது. உள்ளூர் மொழியில் டாக்டர் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்.

"கைசிரா, புபுசி! அந்தப் பாய் ரொம்ப அழகா இருக்கே."

"எடுத்துக்கோங்கண்ணே."

"புபுசி, பயிற்சி நிறைவு விழாவுக்கு ஒரு பன்னி?"

"அடிச்சிரலாம். புபுசின்னு மீன் பிடிக்க என் படகையும் கேட்டீங்க, குடுத்தாச்சு. சுவரு எப்பண்ணே வரும்?"

"அவசரப்படாதம்மா. உங்களுக்கு இன்னும் 'கோரிக்கைத் திறன்' வளரல."

திறன் வளர்ப்பு மும்முரமாக நடந்தது. ஊரே குழு குழுவாகப் பிரிந்து, கடல் பக்கத்தில் இருப்பதால் வரும் 'சவால்களையும் வாய்ப்புகளையும்' வண்ணக் காகிதத்தில் எழுதி ஒட்டியது. பயிலரங்கு எதிலும் கலந்துகொள்ளாத கடல், நிறைவு விழாவன்று முன்னறிவிப்பின்றி உள்ளே வந்தது.

கைசிரா கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பினாள். அழுதுகொண்டே மண்டபத்துக்கு ஓடினாள்.

"கிணறு போச்சுண்ணே!"

"அடடா, அருமையான எடுத்துக்காட்டு!" என்றார் டாக்டர். "அறிக்கையில சேர்த்துடறேன். புபுசி, இதுல மட்டும் ஒரு கையெழுத்து. 'தீவு முழுத் தயார்'னு."

கேட்டவர் அண்ணன். மறுக்க வழியில்லை. போட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தயாராயிட்டோம்ல? இப்ப நான் கேக்கறேன். புபுசி அண்ணே, ஒரு சுவர்."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் டாக்டரையே பார்த்தார்கள். அவர் கழுத்து மாலையைச் சரிசெய்தார்.

"கொள்கை அளவுல... பாரும்மா, நான் கேட்கக் கத்துக்குடுக்கறவன். குடுக்கறது வேற துறை."

"அந்தத் துறைக்காரங்களுக்கு யாரு பயிற்சி தர்றா?"

"அவங்களுக்கெல்லாம் பயிற்சி கிடையாது."

"அதானே பாத்தேன்," என்றாள் கைசிரா. "கேக்கவும் எங்களுக்குத் தெரியும், கேட்டா குடுக்கவும் தெரியும். உங்க ஊருக்கு நாங்க வந்து கத்துத் தர்றோம். குடிக்கத் தண்ணியில்ல, எங்கயாவது போய்த்தானே ஆகணும்."