தேங்காய் கண்டுபிடித்த மூதாதை

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஆகவே பாதிப் பனை உயரத்துக்கு எழும்பிய மண்மேட்டுக்கே மலை என்று பெயர் வைத்து, வருகிறவர்களை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். உடுவிலுக்கு அப்பால் இருந்த அப்படியொரு மேட்டின் உச்சியைச் சுற்றி வட்டமாக ஒரு மண் அணை ஓடியது. அது மூவாயிரம் வருடம் பழையது என்று தொல்லியல்காரர் வந்து தோண்டத் தொடங்கிய மறுவாரமே, தேங்காய்ச் சாமியும் வந்து இறங்கினார். முன்பு கொக்குவிலில் கைத்தொலைபேசி திருத்தியவர். இப்போது தலைவிதி திருத்துகிறார்.

கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பதுபோல, உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு அணையோரம் நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால், அங்கே உங்கள் ஆதி மூதாதை கோபமாகப் படுத்திருக்கிறார். என்ன கோபம்? தான் காணாத கனடா உங்களுக்கு எதற்கு என்ற கோபம். அவர்தான் விசாவை மறிக்கிறார். சனம் பஸ் பிடித்து வந்து குவிந்தது.

கனகாம்பிகையின் மகன் கஜானனுக்கு விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு கோபக்காரக் கிழவர் மறிக்கிறார் என்று கேட்டபோது, சொல்லப்போனால், அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. கிழவர் என்றால் சமாதானம் செய்யலாமே.

சமாதானத்துக்குச் சாமி கேட்டது அவளுடைய ஒரே பால்மாட்டை. காலையில் அணையின் வடக்குப் பக்கம் தேங்காய் நின்றது. பின்னேரம் மாட்டோடு வந்துவிட்டாள். ஆனால் கயிற்றைக் கொடுக்கக் கை வரவில்லை. மாடு அவளுடைய சேலைத் தலைப்பை நக்கிக்கொண்டு நின்றது.

"சாமி, கோவிக்காதேங்கோ. அவர் என்ரை ஆள்தானோ எண்டு இன்னொருக்காப் பாருங்கோ. இருக்கிறது ஒரு மாடு. அது வேறை ஆரின்ரையும் மூதாதைக்குப் போயிடக் கூடாது."

"ஒருக்காப் பார்த்தால் பார்த்ததுதான், அம்மா!"

பக்கத்தில் மண் சலித்துக்கொண்டிருந்த தொல்லியல் மாணவி லவீனா நிமிர்ந்தாள். "கண்ணைக் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ, அன்ரி. தேங்காய்தானே கண்டுபிடிக்குது, சாமியின்ரை கண்ணுக்கு என்ன வேலை?"

சனத்துக்கு இது பிடித்துப்போயிற்று. சாமியின் மகிமையில் அவ்வளவு நம்பிக்கை. கூட்டத்தில் முன்னுக்கு நின்ற பரமலிங்கம் தன் சால்வையையே கழற்றிக் கொடுத்தார். கண்ணைக் கட்டி, நன்றாகச் சுற்றியும் விட்டார்கள்.

சாமி தடுமாறினார். அணையைத் தாண்டினார். தென்னோலைக் கிடுகு மறைப்பு ஒன்றில் போய் முட்டினார். உடனே தேங்காய் குடுமியை நிமிர்த்தி எழுந்து நின்றது.

"இஞ்சை! இஞ்சைதான் கிடக்கிறார்! என்ன தெய்வீக மணம்!"

"அது எங்கடை கக்கூஸ் கிடங்கு," என்றாள் லவீனா. "போன கிழமைதான் வெட்டினது."

சாமி சால்வையைப் பிடுங்கி எறிந்தார். "மூதாதை நடமாடுறவர்!"

"காலமை என்ரை பிள்ளையின்ரை விசாவை மறிச்சவர், பின்னேரம் கக்கூசுக்கு வெளிக்கிட்டவரோ?" என்றாள் கனகாம்பிகை.

சனம் சிரித்த சிரிப்பில் மாடே மிரண்டது. சாமி தேங்காயைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

கனகாம்பிகையும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஏதோ வெறிச்சென்றது. கிழவரும் போய்விட்டார். விசா ஏன் கிடைக்கவில்லை என்று இனி உண்மையாகவே யோசிக்கவேண்டும். மாட்டைக் கொடுப்பது அதைவிடச் சுகம்.

"அப்ப இந்த வட்டம் என்னத்துக்குப் பிள்ளை?"

"பட்டியாய் இருக்கலாம் எண்டு நினைக்கிறம், அன்ரி. மாடுகளை அடைச்சு வைக்கிற இடம்."

கனகாம்பிகை அணைக்குள் நெருக்கியடித்து நின்ற சனத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அடைக்க ஆள் வேண்டியிருந்திருக்கும். நாங்கள் பஸ்ஸுக்குக் காசு குடுத்து நாங்களாவே வந்து நிக்கிறம்."