அழைப்புமணிக் கட்டுரையை நிறுத்தக் கோரி

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்காகவும் அக்காவின் முழங்காலுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

காரியம் அவசரம். நீங்கள் நடத்தும் சபைப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய 'அழைப்புமணியும் விசுவாசியின் கண்ணும்' என்ற கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது என்று தெரியும். போனில் சொன்னால் என் குரல் நடுங்கும், பக்கத்தில் அக்கா வேறு இருப்பாள். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். யாராவது கேட்டால் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். பத்திரிகையில் இடமில்லாமல் போவது பாவமல்ல.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மகள் வாங்கி மாட்டிவிட்ட கேமரா அழைப்புமணியை வைத்துத்தான் அதை எழுதினேன். வாசலில் நிற்பவர் பொத்தானை அழுத்தினால் அவர் முகம் என் போனில் வரும். முன்பு கதவுத் துளை வழியே பார்த்தால் எல்லாரும் ஒரே புகைமூட்டம், இப்போது மூக்கிலுள்ள மச்சம் வரை தெளிவு, விசுவாசியின் கண்ணும் அப்படித்தான், வாசலில் நிற்பவரை அறிந்து உடனே திறக்கும் என்று மூன்று பக்கம் வெளுத்து வாங்கியிருந்தேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவனுக்குத் தெளிவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ற மிதப்பு.

இன்று காலை அந்தக் கட்டுரையை ஐந்தாவது தடவையாக நானே ரசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. போனைப் பார்த்தேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா. "சார், உங்க கார் படிக்கட்ட மறிச்சு நிக்குது, கொஞ்சம் தள்ளி விடுங்களேன்" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை வந்தவர். மறுபடியும் காரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் இருந்த மனைவியிடம், "அந்த நச்சரிப்பு வந்து நிக்குது. மூச்சு காட்டாதே, ஆளில்லன்னு நெனச்சுப் போயிடும்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் அத்தான். ஆனால் என் கட்டைவிரல் போனில் பேசும் பொத்தான்மேல் இருந்திருக்கிறது. என் குரல் வாசலில் மணிக்குள்ளிருந்து எனக்கே கேட்டது. அந்த அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தன. அதுவும் தெளிவாகத்தான் தெரிந்தது. திரும்பி ஓடினார்.

ஏன் ஓடுகிறார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தால், தெருவில் போன காய்கறி வேனைக் கைகாட்டி நிறுத்துகிறார். அவர் கணவருக்கு நெஞ்சுவலி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறங்குகிறார்கள், கீழே என் கார் மறித்து நிற்பதால் நாற்காலியைச் சாய்த்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. நான் சாவியோடு ஓடுவதற்குள் வேன் போய்விட்டது. காரைப் பற்றித்தான் வந்திருக்கிறார். அதில் மட்டும் நான் நினைத்தது சரி.

பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா வராந்தாவில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இப்போது மணி மூன்று. அந்த மனுஷன் பிழைத்தாரா என்று தெரியவில்லை. என் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "விசுவாசியோட கண்ணுக்குத் தட்டு தெரியுதா?" என்று கேட்டதோடு சரி. எனக்குப் பயமா இருக்கு அத்தான். அவருக்கு ஏதாவது ஆயிட்டா நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுவேன்? ஊருக்கு உபதேசம் எழுதினவன், தட்டினப்போ ஒளிஞ்சுக்கிட்டேனே.

ஆகவே கட்டுரையை நிறுத்துங்கள். படித்ததும் இந்தக் கடிதத்தை அழித்துவிடுங்கள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவளிடம் சொல்வதும் சபை ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். உங்கள் வாசலுக்கும் அதைத் தாண்டி வருகிற ஒவ்வொருவருக்கும் சமாதானம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கிருபைக்குக் காத்திருக்கும் மைத்துனன்

பி.கு.: படமெடுக்கப் போனபோது மணி அடித்தது. போனைத் தொடவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்தேன். தையல்காரம்மா. கழுத்தில் காலையில் தொங்கிய அளவு டேப் இன்னும் அப்படியே இருந்தது.

"கண்ண முழிச்சுட்டாரு சார். இனி பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அழுகைதான் வந்தது. அவர் மணியைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள பேசுறது இதுல வெளிய கேக்குது சார். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். சரிபண்ணிடுங்க. வேற யாராவதுன்னா மனசு ஒடைஞ்சு போயிடுவாங்க." பிறகு, "அவருக்குத் துணி எடுத்துட்டுப் போகணும். கார் இருக்கா?" என்று கேட்டார். சாவி காலையிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் மாடியில் துணி எடுக்கிறார், நான் கிளம்ப வேண்டும். கட்டுரையைக் கிழித்துப் போடுங்கள். அந்த மூன்று பக்கத்தில் இந்தக் கடிதத்தை என் பெயரோடு போடுங்கள். முதல் பிரதி அக்காவுக்கு. இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அத்தான்.