குறும்படத்தில் பேசுவது நான்தான், அக்கா

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலமில்லாமல் போனாலும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதால், நலம் என்றே வைத்துக்கொள்ளலாம். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ஒரு குறும்படத்தை உன் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறாளாம். "மாமா குரல் மாதிரியே இருக்கேம்மா" என்று கூடவே எழுதியும் விட்டாளாம். கைபேசியில் வருவதையெல்லாம் நீ வாரத்துக்கு ஒரு தடவைதான் திறந்து பார்ப்பாய் என்ற தைரியத்தில், அதற்குள் இது வந்து சேரட்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பேருந்து நிலையத்தில் இருபத்தொன்பது வருடமாக அறிவிப்பாளனாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை பேசுகிறேன், இதுவரை ஒருத்தர்கூடப் பதில் சொன்னதில்லை. பையைத் தொலைத்தவர்கள் மட்டும்தான் என் அறையின் கண்ணாடியைத் தட்டுவார்கள். போன மாதம் தலையை மழுங்கச் சிரைத்த ஒரு கல்லூரிப் பெண் வந்து தட்டினாள். தோழிகள் கூப்பிடுகிற மாதிரியே "நான் மொட்டை, சார்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். "என்ன பைம்மா, என்ன நிறம்?" என்றேன். "பை இல்ல சார், உங்க குரல் வேணும். குறும்படம் எடுக்கறோம்" என்றாள். என் குரலைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு, வேண்டும் என்று கேட்டவர்கள் கிடையாது. என்ன படம், என்ன கதை என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறைக்குப் போன பிறகுதான் கதையைச் சொன்னார்கள். ஒரு பையன் இன்னொரு பையனை விரும்புகிறான். வெளியே சொல்ல முடியாமல் வருடக்கணக்காகத் தன்னையே வெறுத்து, கடைசியில் 'நான் இப்படித்தான்' என்று தன்னை ஏற்றுக்கொள்கிறான். வயதான பிறகு அவனே கதை சொல்கிறான். அந்த வயதானவனின் குரல்தான் நான். அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "சாப்டீங்களா சார்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். நான் சாப்பிட்டேனா என்று மூன்று பேர் கேட்டு எத்தனை காலம் ஆகிறது! உட்கார்ந்துவிட்டேன். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள், வெளியிலிருந்து சத்தம் வராமலிருக்கக் கனத்த போர்வையால் என்னை மூடினார்கள். நான் சொல்ல வேண்டியது, "அம்மா, எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். நான் இப்படித்தான்." அவ்வளவுதான். வாயைத் திறந்தால், ஐந்தாம் நடைமேடையில் வண்டி புறப்படுகிற மாதிரி வருகிறது. ஒலிப்பதிவு செய்கிறவனுக்குக் காது என்று பட்டப்பெயர். அவன் "சார், அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கத் தோணுது" என்றான். பதினோராவது தடவை, பழக்கதோஷத்தில் "பயணிகளின் கவனத்திற்கு" என்றே ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் மொட்டை போர்வைக்குள் தலையை நுழைத்து, "சார், ஊருக்கே சொல்லாதீங்க. ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. நீங்க யார்கிட்ட சொல்லுவீங்களோ, அவங்ககிட்ட" என்றாள்.

அடுத்த தடவை சின்னதாக, கரகரவென்று என்னமோ வந்தது. போர்வையை எடுத்தபோது காது தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மொட்டைதான் மெதுவாகச் சொன்னாள்: "சார், பேப்பர்ல 'அம்மா'ன்னு இருக்கு. நீங்க 'அக்கா'ன்னு சொல்லிட்டீங்க."

"அடடா, நாக்கு பிசகிடுச்சும்மா. மறுபடியும் சொல்லிடறேன்."

"வேணாம் சார். இதுவே இருக்கட்டும்."

கல்லூரி அரங்கத்தில் படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் நல்ல கைதட்டல். "அந்தக் குரல் யாரோடது?" என்று யாரோ கேட்க, எல்லோரும் திரும்பித் தேடினார்கள். கடைசி வரிசையில் நான் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்துவிட்டேன். போட்டிருந்தது செருப்பு.

ஆகவே அக்கா, அது வெறும் வசனம், எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். 'அக்கா' என்று வந்தது வாய்தவறி வந்தது. வேறு எதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே, அத்தானையும் குழப்பாதே. நீ போன தடவை சொன்ன அந்த டீச்சரம்மா விஷயத்தில், "கடைசி காலத்துக்கு ஒரு துணை" என்று நீ படுகிற கவலை புரிகிறது. ஆனாலும் இப்போது வேண்டாம். நிலையத்தில் வேலை அதிகம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகள் நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நெடுங்காலம் இருக்கட்டும், அடுத்தவர் கைபேசிக்குக் கண்டதையும் அனுப்பாமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நாக்கு பிசகவில்லை. எனக்கு இருபத்தேழு வயதில் நீ முதல்முதலாகப் பெண் பார்த்துவிட்டு வந்து, அத்தனை சந்தோஷமாக அவள் போட்டோவை நீட்டினாயே, அன்றைக்குச் சொல்ல வேண்டியதை முப்பது வருடம் கழித்து ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. படத்தைப் பார், அக்கா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். ஃபோனில் என்ன பேசுவது என்று யோசித்து நீ கஷ்டப்பட வேண்டாம். எப்போதும்போல் "டேய்" என்று கூப்பிடு, போதும்.